பயன்படுத்திய ஹெட்போன் வாங்கலாமா?

விலை குறைவு என்பதால் பிறர் பயன்படுத்திய அல்லது சிறு பழுதுள்ள ஹெட்போன்களைப் பலர் வாங்குகின்றனர். அவை யாவும் தீங்கானவை அல்ல. கருவியின் வகை, பழுதின் தன்மை, பயன்படுத்துபவரின் காது நலம் ஆகிய மூன்றையும் கருத்தில் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

தொற்று எவ்வாறு ஏற்படுகிறது?

காதினுள் செருகும் இயர்போனில், முன்பு பயன்படுத்தியவரின் காதுக் குறும்பியும் வியர்வையும் படிந்திருக்கக்கூடும். ஒலி வரும் வலைப்பகுதிக்குள் சென்ற அழுக்கை முழுமையாக அகற்றுவது கடினம். அதிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் காதுக் குழாயில் தொற்றை உண்டாக்கலாம்.

நீரிழிவு நோயாளர், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தோர், செவிப்பறையில் துளை உள்ளோர், காதில் சீழ் வடிவோர் ஆகியோர் பிறருடைய இயர்போனைத் தவிர்க்க வேண்டும். காதைச் சுற்றி மூடும் பெரிய ஹெட்போனில் இந்த அபாயம் குறைவு. அதன் காது மெத்தைகளைப் புதிதாக மாற்றிப் பயன்படுத்தலாம்.

பழுதினால் செவித்திறன் பாதிக்கப்படுமா?

ஒரு பக்கத்தில் ஒலி குறைந்தாலோ, மெத்தை கிழிந்து வெளி இரைச்சல் உட்புகுந்தாலோ, கேட்பவர் தம்மை அறியாமலே ஒலியைக் கூட்டுகிறார். அப்போது பழுதில்லாத பக்கத்திலுள்ள காது மிகை ஒலிக்கு உள்ளாகிறது. உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் எனில் 4 மணி நேரம் மட்டுமே. குழந்தைகளுக்கு 40 மணி நேரத்திற்கான வரம்பு 75 டெசிபல் ஆகும்.

பழுது கருவியிலா, காதிலா?

ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்று நோயாளி கூறினால், பராமரிப்பாளர் ஹெட்போனை இடம் வலமாக மாற்றி அணிவித்துப் பார்க்கலாம். ஒலிக்குறைவு மறு காதுக்கு மாறினால் பழுது கருவியில் உள்ளது. அதே காதில் நீடித்தால் செவித்திறன் பரிசோதனை தேவை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• இரு பக்கமும் சமமாக ஒலிக்கின்றனவா எனக் கேட்டுப் பார்க்கவும்.
• மெத்தையோ காது முனையோ தனியாகக் கிடைக்குமா என உறுதி செய்யவும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிடவும்.
• பேட்டரி உப்பியிருந்தாலோ, சார்ஜ் செய்யும்போது மிகவும் சூடானாலோ வாங்க வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.
• வயரின் உறை கிழிந்து உட்கம்பி தெரிந்தால் தவிர்க்கவும்.

செலவைக் குறைக்க விரும்புவோருக்கு, பிறர் பயன்படுத்திய விலையுயர்ந்த இயர்போனைவிடப் புதிய எளிய இயர்போனே பாதுகாப்பானது. எதை வாங்கினாலும், ஒலியை அதிகபட்ச அளவில் 60 விழுக்காட்டிற்கு மிகாமல் வைத்துக்கொள்ளவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

காது வலி, அரிப்பு, நீர் அல்லது சீழ் வடிதல், காதிரைச்சல் ஆகியவை இருந்தால் இயர்போன் பயன்பாட்டை நிறுத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகவும். சுயமாகச் சொட்டு மருந்து விட வேண்டாம். நீரிழிவு நோயாளருக்குக் கடும் காது வலி ஏற்பட்டாலும், எவருக்கேனும் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.