படகுக்கு எஞ்சின் வாங்கும் முன்

 

கடல் தொழில் நம் ஜமாஅத்தில் பலருக்கு நேரடித் தொழில் அல்ல. ஆயினும் மீன் வியாபாரம் செய்யும் சில குடும்பங்கள் வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் மீனவர்களுடன் பங்கு சேர்ந்து ஃபைபர் படகு வைத்திருக்கின்றன. படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் வாங்க வட்டியில்லாக் கடன் கேட்டு நமது டிரஸ்டுக்கு மனுக்கள் வருகின்றன. அதனால் இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு அப்படிக் கடன் கொடுத்தோம். சீக்கிரம் கரை சேர்ந்தால் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று 25 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கினார்கள். படகோ 10 குதிரைத்திறனுக்குக் கட்டியது. சில மாதங்களில் எஞ்சின் மாட்டிய பின்பலகை விரிசல் விட்டது. மீன் குறைந்த நாட்களில் பெட்ரோல் காசுக்கே வருமானம் போதவில்லை. கடைசியில் எஞ்சின் பாதி விலைக்குப் போனது. கடன் பாக்கி நிற்கிறது. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். பணத்தை எண்ணிக் கொடுத்த நாங்களும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது உங்கள் அமானிதப் பணம்.

இனி நான்கு விஷயங்களைக் கேட்டுத்தான் கடன் கொடுப்போம்.

முதலாவது, தினசரி எரிபொருள் செலவு. 10 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். 25 குதிரைத்திறன் சுமார் 10 லிட்டர். போக வர 3 மணி நேரம் என்றால் 12 லிட்டர் எங்கே, 30 லிட்டர் எங்கே? பெரிய எஞ்சினில் நேரம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வலையும் ஆட்களும் ஏற்றிய கனத்த படகில் திறனை இரட்டித்தால் வேகம் இரட்டிப்பாகாது. எந்த எஞ்சினானாலும் முழு வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டினாலே எரிபொருள் நன்றாக மிச்சமாகும்.

இரண்டாவது, எஞ்சின் வகை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது; ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், செலவு கூடும். ஃபோர் ஸ்ட்ரோக் விலையும் எடையும் அதிகம், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். நீண்ட தண்டுள்ள 'லாங் டெயில்' டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலவு குறைவு. சத்தமும் அதிர்வும் அதிகம்.

மூன்றாவது, தண்டின் நீளம். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளக்க வேண்டும். பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். அதிகம் நீண்டால் ஆழம் குறைந்த இடத்தில் மணலில் இடிக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குச் செல்லும் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடுவதை நாம் அறிவோம். ஆகவே எஞ்சின் எளிதாகத் தூக்கி நிறுத்தக் கூடியதா என்றும் கடையிலேயே பார்த்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, மெக்கானிக்கும் உதிரி பாகமும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய எஞ்சினுக்கு ஒரு சிறு பாகம் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆனால், அந்த வாரம் அடுப்பு எரியாது. உங்கள் கரையில் பலரும் எதை ஓட்டுகிறார்களோ அதுவே பெரும்பாலும் நல்ல தேர்வு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினின் உட்பகுதியைக் கழுவுவதும் அவசியம். உப்பு உள்ளே தங்கினால் குளிர்விக்கும் வழி அடைபடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுவதும் ஃபைபர் படகும் எஞ்சினும் நிவாரணமாக வந்தன. இலவசமாக வந்த எஞ்சினுக்கும் தினம் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். கையில் காசு இல்லாமல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். வட்டியில்லாக் கடன் வாங்கியும் அந்தப் பிடியில் சிக்கினால் கடன் கொடுத்த நோக்கமே வீணாகிவிடும்.

எனவே கடன் கேட்டு வருவோர் படகின் நீளம், பின்பலகையின் உயரம், ஒரு நாள் ஓடும் நேரம், சராசரி வருமானம் ஆகியவற்றை எழுதி, அனுபவமுள்ள மீனவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அரசு மானியம் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்த்து முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.