ஸ்டட்ஸ் டெர்கல் வானொலிக் காப்பகம்

ஸ்டட்ஸ் டெர்கல் வானொலிக் காப்பகம் என்பது அமெரிக்க எழுத்தாளரும் வானொலியாளருமான ஸ்டட்ஸ் டெர்கல் (1912–2008) எடுத்த நேர்காணல்களின் ஒலித் தொகுப்பு ஆகும். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை அவர் சுமார் 5,600 நிகழ்ச்சிகளை நடத்தினார். ஜேம்ஸ் பால்ட்வின், மாயா ஏஞ்சலோ முதலியோர் அவற்றில் உரையாடினர்.

ஒலிநாடாக்கள் காலப்போக்கில் சிதைவடைபவை. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. எனவே சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த நாடாக்களை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் எண்ணிம வடிவுக்கு மாற்றியது. 2018 மே மாதம் 1,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இணையத்தில் இலவசமாக வெளியாயின.

அச்சிட்ட நேர்காணலில் சொற்கள் மட்டுமே எஞ்சும். ஒலிப்பதிவில் தயக்கமும் சிரிப்பும் மௌனமும் கிடைக்கின்றன. 1963-இல், உலகப்புகழ் அடையும் முன், 21 வயது பாப் டிலன் பேசியதையும் பாடியதையும் இன்று எவரும் கேட்கலாம்.