கண்ணுக்குள் ஒரு மெல்லிய நாளம்

உடம்பைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரில் பார்க்கக்கூடிய இடம் ஒன்று நமக்கு உண்டு, பிள்ளைகளே. அதுதான் கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை. கண்மணி வழியே ஒளி பாய்ச்சி அதைப் பார்க்கும் கருவியை 1851இல் ஜெர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகுக்கு அறிவித்தார். அந்த நாட்களில் நம் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்த பெருமையும் அவருக்கு உண்டு.

கருவிக்குள் பார்த்தால் செம்மஞ்சள் திரை தெரியும். பார்வை நரம்பு புறப்படும் வெளிறிய வட்டத்திலிருந்து குழாய்கள் கிளைவிட்டுப் பரவியிருக்கும். மெலிந்து பளிச்சென்று சிவந்தவை நாடிகள். சற்றுத் தடித்துக் கருஞ்சிவப்பாக இருப்பவை நாளங்கள். நாடி கொண்டுவரும் இரத்தத்தை நாளம் திருப்பிக் கொண்டுபோகும். இரண்டும் குறுக்கிடும் இடத்தில்தான் பல வேளைகளில் வில்லங்கம் தொடங்கும். வயதாலும் பிரஷராலும் தடித்துப்போன நாடி, அடியில் கிடக்கும் நாளத்தை அமுக்கும். அங்கே இரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகும்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது வாய்க்காலில் சருகு அடைத்தால் தண்ணீர் வரம்பை மீறிக் கண்ட இடமெல்லாம் பாயுமே, அப்படித்தான் இதுவும். அடைபட்ட நாளத்திலிருந்து இரத்தமும் நீரும் விழித்திரைக்குள் கசியும். திரை வீங்கும், பார்வை மங்கும். நோவு மட்டும் இராது. அதனாலேயே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. அதை நாளத்துக்குள் செலுத்துவதுதான் பெரும்பாடு. நாளத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். கை தேர்ந்த வைத்தியருக்கும் விரல் சிறிது நடுங்கும். அந்த நடுக்கமே நாளத்தின் தடிப்பளவு வந்துவிடும்! அப்படியிருந்தும் கையாலேயே இதைச் செய்து பார்த்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். 2017இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் ரோபோவைத் துணைக்குச் சேர்த்தார்கள். ஊசியின் தடிப்பு வெறும் 0.03 மில்லிமீற்றர். அதை வைத்தியரும் ரோபோவும் சேர்ந்தே பிடித்தார்கள். நகர்த்துவது வைத்தியர், நடுக்கத்தை அடக்குவது ரோபோ. முனை நாளத்துக்குள் நுழைந்ததும் ரோபோ ஊசியை அசையாமல் வைத்திருந்தது. பத்து நிமிடம், மருந்து மெல்ல மெல்ல உள்ளே போனது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இந்த முறை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சை, கண்ணுக்குள்ளே போடும் ஊசி மருந்து. அது கட்டியைக் கரைக்காது, வீக்கத்தை வற்றச் செய்யும். கூடவே பிரஷரையும் சலரோகத்தையும் சோதித்துக் கட்டுப்படுத்துவார்கள்.

வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ “ஒரு கண் திடீரெண்டு மங்கலாக் கிடக்குது பிள்ளை” என்றால், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கல் என்றால், புதுக் கண்ணாடி வாங்கலாம் என்று காத்திராமல், அன்றைக்கே கண் வைத்தியரிடம் கூட்டிப்போகும்படி அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.