கோட்டின் இருபுறமும்

தாளில் ஒரு மாங்காயை வரையச் சொன்னால் மாணவர் மாங்காயை மட்டுமே வரைந்ததாக நினைத்துக்கொள்கிறார். மாங்காய்க்கும் தாளின் விளிம்புக்கும் நடுவே எஞ்சிய வெள்ளைப் பரப்பும் அதே கோட்டால் ஒரு வடிவத்தைப் பெற்றுவிட்டது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. மாங்காய் அடைத்துக்கொண்ட பரப்பை ஓவியக் கல்வியில் நேர்வெளி என்றும், அதைச் சூழ்ந்தும் அதன் வளைவுகளுக்குள் புகுந்தும் கிடக்கும் பரப்பை எதிர்வெளி என்றும் சொல்லலாம். இங்கே 'எதிர்' என்பது குறைபாட்டைச் சுட்டும் சொல் அன்று; அச்சும் அதில் வார்த்த பண்டமும் ஒன்றுக்கொன்று மறுபுறமாக இருப்பதைப் போன்ற உறவையே அது குறிக்கிறது. இந்த விளக்கத்தைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும் என்றாலும், எதிர்வெளியை ஒரு வடிவமாகப் பார்க்கும்படி கண்ணைப் பழக்குவது எளிதன்று. அந்தப் பழக்கத்துக்குத் தனியொரு பொருளின் படத்தைவிட, ஒரே உரு திரும்பத் திரும்ப வரும் அலங்கார வரைவே பெரிதும் உதவுகிறது.

எதிர்வெளி கண்ணில் படாததற்கான காரணம் மாணவரின் கவனக்குறைவில் இல்லை, பார்வையின் இயல்பிலேயே இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை ஆராய்ந்தார். பூச்சாடியாகவும், எதிரெதிரே நோக்கும் இரண்டு முகங்களாகவும் மாறி மாறித் தோன்றும் படம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு பரப்புகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு இரண்டுக்கும் பொதுவானதுதான் என்றாலும், கண் அதை உருவாகக் கொண்ட பரப்புக்கே உரியதாக்கிவிடுகிறது. பின்புலமாகத் தள்ளப்பட்ட பரப்போ தனக்கென எல்லை இல்லாமல் உருவுக்குப் பின்னாலும் விரிந்து செல்வதுபோலத் தோன்றுகிறது. எனவே மாங்காயைச் சுற்றிய வெள்ளைக்கு வடிவம் இல்லை என்றே கண் முடிவுகட்டுகிறது. சதுரங்கப் பலகையைப் பார்க்கும்போது அந்த முடிவு தடுமாறுகிறது. வெள்ளையின்மேல் கறுப்பா, கறுப்பின்மேல் வெள்ளையா என்று தீர்ப்பளிக்க வழியில்லாதபடி இரண்டும் சம உரிமையோடு நிற்பதால், இடைவெளியையும் ஓர் உருவாக ஏற்பதைத் தவிர கண்ணுக்கு வேறு வழியில்லை.

இந்தச் சமநிலையைப் பள்ளிப் பாடமாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டவ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இப்ஸ்விச் ஊரில் 1857இல் பிறந்து, பாரிஸில் முறையான ஓவியப் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1891இல் பாஸ்டனில் ஜப்பானியக் கலைஞர் ஹொகுசாயின் மர அச்சுப் படங்களைக் கண்டு, அதுவரை கற்றதையெல்லாம் புதிதாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலைப் பிரிவைக் கவனித்துவந்த எர்னஸ்ட் ஃபெனலோசாவின் நட்பு அதற்குத் துணைநின்றது. 1899இல் வெளிவந்த தம் 'காம்பொசிஷன்' நூலில் டவ் கோடு, நோட்டன், நிறம் என்ற மூன்றையே கலையமைப்பின் அடிப்படைகளாக வைத்தார். நோட்டன் என்பது அடர்த்தியும் வெளிறலும் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒழுங்கை அது குறிக்கும். நிழல் வேறு, நோட்டன் வேறு: ஒரு குடத்தின்மேல் விழும் நிழல் வெளிச்சம் வரும் திசையைப் பொறுத்து மாறிவிடும், நோட்டனிலோ எங்கே கருமை நிற்க வேண்டும் என்பதை வரைபவரே முடிவுசெய்கிறார். மாணவர் ஒரு சதுரத்தைச் சில கோடுகளால் பிரித்து, அதே பிரிவுகளில் கறுப்பை இடம் மாற்றி மாற்றி நிரப்பி, ஒரே எலும்புக்கூட்டின்மேல் எத்தனை வேறுவேறு முகங்கள் எழுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வழியில் அமைந்த பயிற்சி. 1904 முதல் 1922இல் இறக்கும்வரை கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய டவ், அவரிடம் பயின்ற ஜார்ஜியா ஓகீஃபின் புகழாலேயே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் உருவாக்கிய ஆசிரியர்கள் வழியாக அவருடைய பாடம் சாதாரண வகுப்பறைகளுக்குள் நுழைந்ததே பெரிய செய்தி.

டார் பாத்வெல், மார்லிஸ் மேஃபீல்ட் ஆகியோர் 1968இல் நோட்டன் பற்றி எழுதிய நூலில் உள்ள 'சதுரத்தை விரித்தல்' பயிற்சிக்குக் கறுப்புக் காகிதம், கத்தரிக்கோல், பசை, வெள்ளைத் தாள் ஆகியவை போதும். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்து, அதன் ஓரத்திலிருந்து ஓர் இலை வடிவத்தை வெட்டி, அந்த ஓரத்தையே கண்ணாடிபோலக் கொண்டு துண்டை வெளிப்புறமாகப் புரட்டி ஒட்டினால், சதுரத்துக்குள் வெள்ளை இலையும் வெளியே கறுப்பு இலையும் ஒன்றுக்கொன்று பிம்பமாக நிற்கும். எதையும் எறியக் கூடாது, எதையும் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது என்பதே விதி. இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் பாடம் விளங்குகிறது, ஏனெனில் வெட்டிய துண்டு எவ்வளவு பெரியதோ அதே அளவு வெறுமையும் உண்டாகி, வெறுமை என்பது கணக்கில் வரும் ஒரு பொருளாகிவிடுகிறது. எல்லாத் துண்டுகளையும் பரப்பிப் பார்த்த பிறகே பசையைத் தொட வேண்டும்; அவசரப்பட்டு ஒட்டுபவர்கள் மூலைக்கு வந்ததும் துண்டுகள் மோதிக்கொள்ளத் திண்டாடுவார்கள்.

டச்சுக் கலைஞர் எம். சி. எஷர் 1938இல் செதுக்கிய 'வானும் நீரும்' என்ற மர அச்சுப் படத்தில், மேலே பறக்கும் கரும்பறவைகளின் இடைவெளிகளே கீழே வர வர வெண்மீன்களாகின்றன. வகுப்பில் காட்டுவதற்கு அருமையான படம் அது. ஆனால் தொடக்கத்திலேயே அதைப் பார்த்து வரையச் சொன்னால் மாணவர் மலைத்துப்போவார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைவிட எளிய வாயில் சிக்குக் கோலம். கட்டம் போட்ட நோட்டில் வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நட்டநடுவே கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி இழுத்தால், 17 வெட்டுகளோடு ஒரே கோடாக அது தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். (4 வரிசையாக்கினால் 4 தனித்தனிக் கோடுகள் வேண்டும் என்பதைக் கணக்கு ஆசிரியருக்கு விட்டுவிடலாம்.) பிறகு புள்ளி உள்ள அறைகளையெல்லாம் கறுப்பால் நிரப்பச் சொன்னால், 12 கரிய அறைகள் வெட்டும் இடங்களில் மட்டும் நுனியால் தொட்டுக்கொள்ள, அவற்றுக்கு நடுவே 6 வெள்ளை அறைகள் யாரும் வரையாமலேயே எழுந்து நிற்கும். வாசலில் மாவுக்கோட்டைப் பின்தொடர்ந்தே பழகிய கண்ணுக்கு இந்த ஆறும் புதியவை. கோடு பிசகாமல் மூடியிருந்தால், அதன் எந்த இடத்திலும் ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையுமே அமையும். எங்காவது கோட்டின் இருபுறமும் ஒரே நிறம் வந்துவிட்டால், ஆசிரியர் சிவப்பு மையை எடுக்க வேண்டியதில்லை. விட்டுப்போன ஓர் அறையையோ முடியாமல் அறுந்த ஒரு கோட்டையோ அந்த இடத்திலிருந்தே மாணவர் தேடத் தொடங்கலாம்.