செல்போனையே திணறடிக்கும் வல்லத்துக் கணக்கு!

புத்தகத்துக் கணக்கைப் போட்டோ பிடித்தால் நொடியில் விடையைக் கொட்டும் செல்போன், நம்ம ஊர்க்காரர் ஒருவரின் கணக்கில் மட்டும் திருதிருவென விழிக்கும், தெரியுமா?

அவர் கணிதமேதை எஸ்.எஸ்.பிள்ளை! 1901-ல் குற்றாலத்தை ஒட்டிய வல்லத்தில் பிறந்தவர். அன்று திருநெல்வேலி ஜில்லா, இன்று தென்காசி மாவட்டம். குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறதே, அந்தச் சீமை!

கணக்கு இதுதான். 4, 8, 9, 16, 25, 27, 32... ஒரே எண்ணை மறுபடி மறுபடி பெருக்கினால் வரும் அடுக்கு எண்கள் இவை. இவற்றில் இரண்டுக்கு நடுவே 1 வித்தியாசம் வேண்டுமா? 8, 9. 2 வேண்டுமா? 25, 27. 3-க்கு 125, 128. 5-க்கு 27, 32. 7-க்கோ கொண்டாட்டம்! 9, 16; 25, 32; 121, 128. அதோடு விட்டதா? 181-ஐ 181-ஆல் பெருக்கினால் 32,761. பதினைந்து 2-களைப் பெருக்கினால் 32,768. அங்கேயும் 7!

சரி, 6?

கிடைக்கவே இல்லை! கணிப்பொறிகள் கோடானுகோடி எண்களைச் சலித்தாயிற்று. 'கிடைக்கவே கிடைக்காது' என்று நிரூபிக்கவும் இதுவரை ஆளில்லை! கணித அறிஞர் நீல் ஸ்லோன் தொடங்கிய இணைய எண்வரிசைக் களஞ்சியத்தில் 6, 14, 34, 42, 50 என்று தட்டிப் பாருங்கள். இப்படி அகப்படாத எண்களின் பட்டியலே வரும். 'வெறும் ஊகம்' என்ற முத்திரையோடு!

எந்த வித்தியாசமும் எண்ணி முடிக்கக்கூடிய தடவைதான் வரும் என்பது பிள்ளையின் ஊகம். 1-க்கு 8, 9 தவிர வேறு ஜோடி இல்லை என்று 2002-ல் மிஹெய்லெஸ்கு என்ற கணித அறிஞர் நிரூபித்துவிட்டார். மற்ற எண்களுக்கு? இன்றும் ஊகம்தான்!

எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளைக் கூட்டிப் பெறலாம் என்று 1940-ல் காட்டியவரும் இவரே. காகிதமும் பேனாவும்தான் துணை, அடேங்கப்பா! உலகக் கணித மாநாட்டுக்காக அமெரிக்கா புறப்பட்ட அவரது விமானம், 1950 ஆகஸ்டில் கெய்ரோ அருகே விழுந்து நொறுங்கியது. வயது 49.

பட்டியலில் 42 இருந்ததே, கவனித்தீர்களா? மூன்று முழு எண்களின் (மைனஸ் எண்களும் சேர்த்தி) கனங்களைக் கூட்டி 42 கொண்டுவர முடியுமா என்பது வேறொரு பழைய புதிர். 2019-ல் புக்கர், சதர்லாண்ட் என்ற கணித அறிஞர்கள் இணையம் வழியே சுமார் 5 லட்சம் வீட்டுக் கணிப்பொறிகளை வேலைவாங்கி, ஒவ்வொன்றும் 17 இலக்கமுள்ள மூன்று எண்களைப் பிடித்துவிட்டார்கள்! ஆனால் அதே 42-ஐ இரண்டு அடுக்கு எண்களின் வித்தியாசமாக இன்னும் யாரும் காட்டவில்லை!