பத்து சென்ட்
நிலத்தின் கதை: கேரளம் – 14

1969 டிசம்பரில், ஆலப்புழைக்குத் தெற்கே புன்னப்பிராவை ஒட்டிய அறவுக்காட்டில் ஒரு மாநாடு கூடியது. குத்தகை விவசாயிகள், கயிறு திரிப்பவர்கள், வயல் கூலிகள், அடுத்தவர் தோப்பில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் எனக் கூட்டம் திரண்டிருந்தது. மார்க்சிஸ்ட் தலைவர்கள் ஏ.கே. கோபாலனும் இ.எம்.எஸ்ஸும் அங்கே விடுத்த அழைப்பு எல்லோருக்கும் புரிகிற அழைப்பு. ஜனவரி 1 முதல் எந்தக் குத்தகைக்காரரும் நிலவுடைமையாளரான ஜன்மிக்குப் பாட்டம் என்ற குத்தகையை அளக்க வேண்டாம். குடிசையில் இருப்பவர் அதைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்து வேலி கட்டிக்கொள்ளட்டும். வேலிக்குள் நிற்கும் தென்னையில் ஏறித் தேங்காயும் பறித்துக்கொள்ளட்டும்.

தேங்காயைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்னை நிழலில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் அந்த மரத்தின் காய் குடிசைக்காரருக்குச் சொந்தமில்லை. விழுந்த மட்டையை எடுக்கக்கூடத் தோப்புக்காரரின் தயவு வேண்டும். அவர் கூப்பிட்ட நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் குடிசை இருக்காது. குடிகிடப்பு என்று கேரளத்தில் அழைக்கப்பட்ட அந்த வாழ்க்கையில், கூலி கேட்டால் வீடு போகும், வீடு வேண்டுமானால் கூலி கேட்கக் கூடாது. தஞ்சையில் நிலம் என்ன விலை கேட்டது என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறவுக்காடு மாநாட்டுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்புதான் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து போனார்கள். தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளரின் குடியிருப்பு மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

1959 ஜூலை 31 அன்று இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அரசு கொண்டுவந்த நிலச் சட்டம் அதோடு சாகவில்லை. சாகவும் இல்லை, முழுதாக உயிர் பெறவும் இல்லை என்பதே சரி. பத்தாண்டுகள் அது சட்டமன்றத்துக்கும் டெல்லிக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இடையில் அலைந்தது. அந்த அலைச்சலில் அது யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்பதுதான் இந்த வாரக் கதை. இன்றைய கேரளத்தைப் புரிந்துகொள்ள, எந்த முதலமைச்சர் எப்போது வந்தார் என்பதைவிட இதுவே முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் பழைய நில அடுக்கு. திருவிதாங்கூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். அதில் பயிரிட்டவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் பாட்ட விளம்பரம் ஏறத்தாழ முழு உரிமையைக் கொடுத்தது. மலபார் அப்படியல்ல. 1792இல் மலபார் கும்பினி ஆட்சிக்கு வந்ததும், ஜன்மியே நிலத்தின் தனி உடைமையாளர் என்று வெள்ளையர் முடிவுகட்டினார்கள். அதுவரை விளைச்சலில் ஆளுக்கொரு பங்கு என்று மரபாக இருந்த உறவு, ஒருவர் சொத்தாகவும் மற்றவர் இரவலாகவும் மாறியது. மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகனே 1882இல் தன் அறிக்கையில் இதைத் தவறென்று எழுதினார். ஜன்மிக்குக் கீழே காணக்காரர், அவருக்குக் கீழே வெறும்பாட்டக்காரர், எல்லோருக்கும் கீழே சேற்றில் இறங்கி நட்டவர்கள். காலம் முடிந்ததும் அதே நிலத்தை அதிகப் பணம் தருபவருக்கு எழுதிக்கொடுத்து உழுதவரை இறக்கிவிடும் மேல்சார்த்து என்ற முறை, மலபாரின் பல கலவரங்களுக்குப் பின்னால் இருந்தது. கையூரும் கரிவெள்ளூரும் இந்த மண்ணில் முளைத்த விவசாயப் போராட்டங்களின் பெயர்கள்.

1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற அரசு, ஒரு வாரம் முடிவதற்குள் குத்தகைக்காரர்களையும் குடிகிடப்புக்காரர்களையும் வெளியேற்றத் தடை விதித்து அவசரச் சட்டம் போட்டது. வருவாய்த் துறை கே.ஆர். கௌரியிடம் இருந்தது. சேர்த்தலைப் பக்கம் பட்டணக்காட்டில் ஈழவக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, சிறையும் அடியும் பார்த்தவர் அவர். முதலமைச்சர் இ.எம்.எஸ்ஸோ ஏலங்குளத்து நம்பூதிரி ஜன்மிக் குடும்பத்தின் பிள்ளை. அந்த இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஜன்மி முறையை ஒழிக்கும் மசோதாவை எழுதியதில், அந்தக் காலத்துக் கேரளம் முழுவதும் இருக்கிறது.

மசோதா 1959 ஜூன் 10 அன்று நிறைவேறியது. இரண்டே நாளில் அந்த அரசுக்கு எதிரான விமோசன சமரம் தொடங்கியது. அடுத்த அரசு அதைத் திருத்திச் சட்டமாக்கியது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வடக்கே காசர்கோடு பக்கத்து ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்றது. நீதிபதிகள் எழுப்பிய கேள்விகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டென்றால், கமுகுக்கும் மிளகுக்கும் ஏன் இல்லை? தேயிலைக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்டு வழக்காட அப்போது யாரும் இல்லை. பிறகு 1963இல் புதிய சட்டம். 1967இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா கொண்டுவந்த பெரிய திருத்தம் 1969 அக்டோபரில், ஆட்சி கவிழும் தறுவாயில், நிறைவேறியது. சிபிஐயின் அச்சுத மேனன் தலைமையிலான அடுத்த அரசு 1970 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அந்தப் பெருமைக்காக இன்றுவரை வாதிடுகின்றன. இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு.

அன்று முதல் கேரளத்தில் குத்தகை என்ற உறவே சட்டத்தில் இல்லை. பாட்டத்துக்கு விட்ட நிலமெல்லாம் அரசிடம் சேர்ந்து, அரசிடமிருந்து பயிரிட்டவர் பெயருக்கு மாறியது. நியாயப் பாட்டத்தின் 16 மடங்கைத் தவணையாகக் கட்டினால் பட்டயம் கைக்கு வரும். காஷ்மீரை விட்டுவிட்டால், இந்தியாவில் வேறெங்கும் குத்தகையை இவ்வளவு முழுமையாக வேரறுத்ததில்லை. நம்பூதிரி இல்லங்களும் கோயில் தேவஸ்தானங்களும் ஒரே நாளில் பாட்ட நெல்லை இழந்தன. இரண்டு ஏக்கரைப் பாட்டத்துக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும் இழந்தார்கள். அந்த வலியும் பொய்யில்லை. காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்குதான் 13 நீதிபதிகள் அமர்ந்து 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்புச் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கு. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் தொட முடியாது என்ற கோட்பாடு, ஒரு மடத்தின் பாட்ட நிலத்திலிருந்து பிறந்தது.

வேலி கட்டும் போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. பகலில் கட்டிய வேலியைத் தோப்புக்காரரின் ஆட்கள் இரவில் பிடுங்குவார்கள், காலையில் மறுபடி கட்டுவார்கள். அடிதடி, கைது, உயிர்ச்சேதம் எல்லாம் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டயம் கிடைத்தது. ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரத்தில் மூன்று. அளவு சின்னது. ஆனாலும் கூலி பேசும்போது, ‘உன் குடிசையைப் பிரித்துவிடுவேன்’ என்று ஒருவரும் இனி மிரட்ட முடியாது. கேரளத்தின் கூலி மற்ற மாநிலங்களைவிட உயர்ந்ததற்கும், 1974இல் விவசாயத் தொழிலாளர் சட்டம் வர முடிந்ததற்கும் அந்த வேலியே அடித்தளம் என்பேன்.

இனிச் சட்டம் போட்ட கோட்டுக்கு வருவோம். அது நிலத்தைக் கொடுத்தது குத்தகைக்காரருக்கு. குத்தகைச் சீட்டு யாரிடம் இருந்தது? நாயர்களிடம், சிரியன் கிறிஸ்தவர்களிடம், மாப்பிள்ளைமாரிடம், ஈழவர்களிடம். புலையரும் பறையரும் செறுமரும் குத்தகை எடுக்கவே அனுமதிக்கப்படாதவர்கள். திருவிதாங்கூரில் 1855 வரை அவர்கள் விற்கவும் வாங்கவும்பட்ட அடிமைகள். உழுதவர்கள் அவர்கள்தான். ஆனால் ‘உழுபவருக்கே நிலம்’ என்ற முழக்கம் சட்டமானபோது, உழவர் என்ற இடத்தில் குத்தகைக்காரர் வந்து நின்றார். உழுதவருக்குக் கிடைத்தது குடிசையடி மண்.

இதை முன்பே உணர்ந்தவர் புலையர் தலைவர் அய்யன்காளி. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று நின்று, திருவிதாங்கூரின் வயல்களைத் தரிசாகப் போடவைத்தவர். 1912இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக அவர் அங்கே கேட்டது பள்ளியை மட்டுமல்ல, தம் மக்களுக்கு விளைநிலத்தையும்தான். 1970இன் சட்டம் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்லவில்லை.

உச்சவரம்புக்கு மேற்பட்ட உபரி நிலம் நிலமற்ற அந்த மக்களுக்குப் போகும் என்று சொல்லப்பட்டது. ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்குப் பத்து ‘ஸ்டாண்டர்ட்’ ஏக்கர், எவ்வளவு பெரிய குடும்பமானாலும் 20 ஏக்கருக்கு மேல் கூடாது. ஆனால் 1957இலிருந்து 1970 வரை பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. பாகப்பிரிவினையும் தானப் பத்திரமும் எழுத அது போதும். முதல் கால் நூற்றாண்டில் உபரியாகப் பங்கிடப்பட்டது ஒரு லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை.

பெரிய நிலம் வேறிடத்தில் இருந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம், கொக்கோ, லவங்கப்பட்டை விளையும் தோட்டங்களுக்கு உச்சவரம்பு கிடையாது. அந்நியச் செலாவணி வருகிறது, துண்டாக்கினால் தொழில் கெடும் என்று காரணம் சொன்னார்கள். தமிழர்கள் இந்தக் கதைக்குள் நேராக வருவது இங்கேதான்.

1877இல் பூஞ்ஞாறு மன்னர் ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்த கண்ணன் தேவன் மலையில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், கங்காணிகள் திரட்டிக்கொண்டுபோன தமிழ்நாட்டுக் கூலிகள், பெரும்பாலும் தலித்துகள். 1956இல் மொழிவழியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்துக்கு வேண்டும் என்று நேசமணி போராடினார், கிடைக்கவில்லை. அதற்கு இரண்டாண்டு கழித்து, 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். 126 இடங்களில் சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேரோடு ஆண்ட இ.எம்.எஸ். அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். பாவலர் வரதராஜன் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். தமிழ்த் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்.

அந்த வாக்கில் தப்பிய அரசின் நிலச் சட்டத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு சென்ட்டும் இல்லை. அவர்கள் குடியிருந்த லயம் கம்பெனியின் கட்டடம். குடிகிடப்பு உரிமை அங்கே எட்டவில்லை. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு தனிச் சட்டத்தால் திரும்ப எடுத்தபோதும், சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடமே விடப்பட்டது. வேலையில் இருக்கும்வரை லயம். ஓய்வுபெற்றால், வீட்டில் இன்னொருவர் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். இல்லையென்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். தமிழக எல்லைக்குள் பெயருக்கு ஓர் ஊர், கேரளத்துக்குள் பெயருக்கு ஒரு வாக்கு. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறு சாலையை மறித்த பெண்கள் போனசைக் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களுக்கு வீடும் நிலமும் எங்கிருந்து வந்தன என்றும் கேட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்.

சமவெளியிலும் பத்து சென்ட் நீளவில்லை. பிள்ளைகளுக்குப் பிரித்ததும் அது மூன்றும் இரண்டுமானது. 1972இல் தொடங்கிய லட்சம் வீடு திட்டத்தின் காலனிகளில், அடக்கம் செய்ய இடமின்றி அடுக்களைத் தரையை உடைத்துக் குழி வெட்டிய குடும்பங்கள் உண்டு. நிலம் பெற்ற குத்தகைக்காரரின் மக்களோ படித்து, வளைகுடா போய், பணம் அனுப்பினார்கள். வயல் வீட்டு மனையும் ரப்பரும் ஆனது. 1970களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு இன்று சுமார் 2 லட்சம். 2007இல் பத்தனம்திட்டை செங்கறையில் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து தார்ப்பாய்க் குடிசை போட்ட தலித் குடும்பங்கள், வீட்டு மனை வேண்டாம், விளைநிலம் வேண்டும் என்றார்கள். அய்யன்காளி கேட்டு 95 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோட்ட நிலத்தின் உரிமை இப்போது வழக்காக நிற்கிறது. அரசு நியமித்த சிறப்பு அதிகாரி எம்.ஜி. ராஜமாணிக்கம், சுதந்திரத்துக்கு முன் வெள்ளையர் கம்பெனிகள் வைத்திருந்த ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அரசுடையது என்று 2016இல் அறிக்கை கொடுத்தார். ஒரு கம்பெனியின் 38,000 ஏக்கரை மீட்க அவர் போட்ட உத்தரவை 2018இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு தன் உரிமையை சிவில் நீதிமன்றத்தில் நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. தப்பியவர்களுக்குக் கல்பற்றாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் 64 ஹெக்டேரில் குடியிருப்பு கட்ட அரசு முடிவெடுத்தது. அந்தத் தோட்டம் தனக்கே சொந்தம் என்று அரசு ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தது. ஆனாலும் நிலத்தை எடுக்க முதல் தவணையாகச் சுமார் 26 கோடி ரூபாயை உயர் நீதிமன்றத்தில் கட்ட வேண்டியிருந்தது. பணம் கட்டி வாங்கிய அந்த மண்ணில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்டது ஏழு சென்ட்.

(தொடரும்)