பந்திக்கு முந்தும் நொதி

பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலப்பதற்கு 2030 என்று வைத்திருந்த தவணையைச் சர்க்கார் 2025-க்கு முன்னிழுத்துக்கொண்ட பிறகு, அந்த எத்தனாலைப் பாக்டீரியாக்கள்தாமா காய்ச்சுகின்றன என்று வினவும் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. இல்லை, நம் வண்டிகளில் எரிவது கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் ஈஸ்ட் புளிக்கவைத்த பழைய சரக்கே. அறிக்கைகள் ‘இரண்டாம் தலைமுறை’ என்று ஸ்தோத்திரம் செய்யும் வைக்கோல் எத்தனால், பெரும்பாலும் அறிக்கைகளில்தான் ஓடுகிறது.

ஆயினும் அதன் பின்னாலுள்ள சாமர்த்தியம் பொய்யன்று. வைக்கோலின் சர்க்கரையில் கணிசமான பாகமாகிய சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் தீண்டாது, குடல்வாசியான ஈ.கோலையோ அதை உண்டுவிட்டு, சாராயத்தைவிட அமிலங்களையே மிகுதியாகக் கக்கும். புளோரிடா சர்வகலாசாலையின் லோனி இங்கிராம் 1980-களில், கற்றாழைக் கள்ளிலும் பனையினக் கள்ளிலும் வாழும் சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலையினுள் புகுத்தினார். சர்க்கரை சிதைந்து பைருவேட் ஆகும் சந்தியிலிருந்துதான் அமிலங்களுக்கான வழிகள் பிரிகின்றன. அவ்வழிகளை முதலில் அவர் அடைக்கவே இல்லை என்பதுதான் விசேஷம். லாக்டிக் அமிலம் செய்யும் நொதி தன் பாதி வேகத்தை எட்டுவதற்குப் பைருவேட் ஏறத்தாழ 7 மில்லிமோலார் அளவு சேரவேண்டியிருக்க, புதிதாக வந்த முதல் மரபணுவின் நொதிக்கு வெறும் 0.4 போதுமாகையால், பந்திக்கு முந்திக்கொண்ட விருந்தாளியைப் போல் அது வந்ததையெல்லாம் வாரிக்கொள்ள, மற்றவற்றுக்குக் கிட்டுவது சொற்பமாகிறது. அது பைருவேட்டைச் சிதைக்கையில் கரியமில வாயு பிரிந்து வெளியேறிவிடுவதால் பைருவேட்டாகத் திரும்பவும் வழியில்லை. எஞ்சிய அசிட்டால்டிஹைடை இரண்டாவது மரபணுவின் நொதி சாராயமாக்கிவிடுகிறது.

இதற்கு அமெரிக்கா 1991-ல் தன் 50,00,000-ஆவது காப்புரிமையை அளித்தது. எண் வட்டமாக அமைந்த அளவுக்கு வியாபாரம் அமையவில்லை: 2022-ல் 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று 2007-ல் சட்டமியற்றிய அந்நாடு, 2014-ல் குப்பைமேட்டு வாயுவையும் அக்கணக்கில் சேர்த்துக்கொண்ட பின்னும் 2022-ல் நூறு கோடியை எட்டவில்லை. வைக்கோலின் கட்டுக்கோப்பைக் குலைத்து உள்ளிருக்கும் சர்க்கரையை மலிவாக வெளிக்கொணர்வதிலேயே காரியம் தடைப்படுகிறது. அதற்கு இந்த இரண்டு மரபணுக்களும் உதவா.

மற்றக் கேள்விகள். மைலேஜ் குறையுமா? குறையும், லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலின் வெப்பத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலுக்கு. இந்தியாவில் வைக்கோல் ஆலை உண்டா? உண்டு, பானிபட்டில், 2022-ல் திறந்தது; ஆண்டுக்கு 3 கோடி லிட்டர் என்பது அறிவிப்பு, இருபது பங்கு கலப்பதற்கு வேண்டியதோ சுமார் 1,000 கோடி.